பார்த்தேன் என்ற சொல்

அந்த முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு கட்டில்கள். யாருக்கு எந்த மாத்திரை எப்போது, யாருக்கு எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் வரும், யாருடைய மகன் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லியே காலத்தை ஓட்டுகிறான் என்பதெல்லாம் மேட்ரனுக்கு அத்துப்படி. பதினெட்டு வருடமாக அங்கே எல்லாமே அவர்தான். இல்லத்தை நடத்துவது பக்கத்திலிருந்த கிறிஸ்தவ சபை. சனிக்கிழமைதோறும் பெண்களுக்கு வேதபாடம் எடுப்பதும் மேட்ரன்தான். பொய் சொல்லத் தெரியாதவர் என்று அவருக்குப் பெயர். மருந்தைக் கொடுத்துவிட்டதாக யாராவது மழுப்பினால், என் கண்ணைப் பார்த்துச் சொல்லு என்பார். அதற்குப் பிறகு தப்பியவர்கள் குறைவு. சபையில் எதிலாவது சந்தேகம் வந்தால் போதகரே, "மேட்ரன் என்ன சொல்றாங்கன்னு கேளுங்க" என்று கைகாட்டிவிடுவார்.

அப்படிப்பட்டவர் மலையை மட்டும் முதல் நாளே மனசுக்குள் ஒதுக்கி வைத்துவிட்டார்.

மலை என்பது பட்டப்பெயர். ஆள் வாசலில் வந்து நின்றால் அறைக்குள் வெளிச்சம் குறையும். ஒவ்வொரு கையும் ஒரு சின்னத் தலையணை அளவு. மதுக்கடை வாசலில் நடந்த சண்டையில் ஒருவனுடைய தாடையைப் பெயர்த்துவிட்டு இரண்டு வருடம் சிறையில் இருந்தவன். சிறைக்குப் போய் ஜெபம் பண்ணும் வழக்கமுள்ள போதகர்தான் அவனைக் கூட்டிவந்து, பராமரிப்பு ஆளாக வைத்துக்கொள்ளச் சொன்னார். மேட்ரன் முடிந்தவரை மறுத்துப் பார்த்தார். "மனுஷன் முகத்தைப் பார்க்கிறான், ஆண்டவர் இருதயத்தைப் பார்க்கிறார்னு நீங்கதானே பாடம் எடுக்கிறீங்க?" என்று போதகர் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார். மேட்ரன் அவனைச் சேர்த்துக்கொண்டார். ஆனால் சேர்த்துக்கொள்வதும் மனசார ஒப்புக்கொள்வதும் ஒன்றல்லவே.

மலை அதிகம் பேசமாட்டான். காலை ஜெபத்துக்கு வந்தால் கடைசி வரிசையில் சுவரோடு சுவராக நிற்பான், பாட்டுக்கு வாய் அசையாது. அதே வேலைக்கு இன்னொருவனும் இருந்தான். எதற்கெடுத்தாலும் ஆமென் போடுவதால் அவனுக்கு ஆமென் என்றே பெயர் ஆகிவிட்டது. ஆமென் ஒருநாள் ஒரு பாட்டியம்மாவை ஈரப் படுக்கையிலேயே அரை நாள் விட்டுவிட்டான். கண்ணீரோடு வந்து மன்னிப்புக் கேட்டதும் மேட்ரன் அவன் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணி அனுப்பினார். அடுத்த வாரமே மலை ஒரு தட்டைக் கைதவறிக் கீழே போட்டபோது, அது அவனுடைய வேலைப் பதிவில் மேட்ரன் கையெழுத்தோடு ஏறியது. அப்போது இவை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றவேயில்லை.

மலையின் பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஆயிரம் பிள்ளைகள் நிற்கும் மைதானத்தை ஒரே அதட்டலில் அடக்கியவராம். பக்கவாதம் வந்து வலப் பக்கம் விழுந்துபோயிருந்தது, பேச்சும் போயிருந்தது. முழுதாகப் போகவில்லை. நாலைந்து சொற்கள் மட்டும் மிச்சம் இருந்தன, அதுவும் வேண்டும்போது வராது. மலைதான் தினமும் அவருக்கு முகம் மழிப்பான். அத்தனை பெரிய கையில் ரேசர் ஒரு தீக்குச்சிபோல இருக்கும்.

ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். மேட்ரன் தாழ்வாரத்தில் துவைத்து வந்த விரிப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் அறையிலிருந்து பளார் பளார் என்று மூன்று அறை விழும் சத்தம் கேட்டது. விரிப்புகளை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய், ஒருக்களித்திருந்த கதவைத் தள்ளினார். தலைமையாசிரியரின் இடக் கன்னம் ரத்தமாய்ச் சிவந்திருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மலை ஒரு கையால் அவருடைய இடக்கை மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தான். இன்னொரு கை அவர் முகத்துக்கு நேராக ஓங்கியபடி நின்றது.

மேட்ரனுக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

மாலையே அலுவலக அறையில் விசாரணை வைத்தார்கள். போதகர், நிர்வாகக் குழுவிலிருந்து இரண்டு பேர், அதே குழுவில் இருந்த மேட்ரன். தலைமையாசிரியரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிவந்தார்கள். மலையைக் கேட்டபோது, நான் அடிக்கவில்லை என்று மட்டும் சொன்னான். அப்படியானால் அடித்தது யார், கன்னம் எப்படிச் சிவந்தது என்று குழுவில் ஒருவர் கேட்டார். மலை தலைமையாசிரியரைப் பார்த்தான். அவர் வாயைத் திறந்தார். எப்படியோ இரண்டு சொல் வெளியே வந்தது.

"வேண்டாம்... சொல்லாதே."

பாவம், பயந்துபோயிருக்கிறார் என்று எல்லாருமே நினைத்துக்கொண்டார்கள். மலை தலையைக் குனிந்துகொண்டான். அதன் பிறகு எத்தனை கேட்டும் அவன் வாயைத் திறக்கவில்லை.

போதகருக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஒருவனுடைய குற்றத்தை ஒரே சாட்சியை வைத்து முடிவுபண்ணக் கூடாது, இரண்டு மூன்று பேர் வேண்டும் என்று வேதத்தில் இருப்பதை நினைவுபடுத்தினார். மேட்ரன் உடனே, அந்தக் கன்னமே இரண்டாவது சாட்சி என்றார். நல்ல பதிலாகத்தான் பட்டது. குழுவினர் தலையாட்டினார்கள். போதகர் மேட்ரன் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இவன் கை அவர் கன்னத்துல பட்டதை உங்க கண்ணால பார்த்தீங்களா?"

மேட்ரன் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"பார்த்தேன்," என்றார்.

மலை நிமிர்ந்து அவரைப் பார்த்தான். கோபம் ஏதும் தெரியவில்லை. கணக்கில் தப்பு எங்கே என்று புரியாத பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. அன்றைக்கே அவனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். முதியவரை அடித்தவன் என்ற செய்தி ஞாயிற்றுக்கிழமைக்குள் சபை முழுக்கப் பரவிவிட்டது.

மேட்ரனின் கணவர் பேருந்து ஓட்டுநர். சாப்பிடும்போது நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசியில் இவ்வளவுதான் சொன்னார்: "விபத்துன்னு ஒண்ணு நடந்தா பஸ்ல இருக்கிற அத்தனை பேரும் பார்த்தேன்னு சொல்வாங்க. பாதிப் பேரு அப்ப தூங்கிட்டு இருந்திருப்பாங்க. சத்தம் கேட்டு முழிச்சவங்கதான்." மேட்ரனுக்குச் சுருக்கென்றது. நான் ஒன்றும் தூங்கிக்கொண்டிருக்கவில்லை என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

நாலு மாதம் போயிற்று. மலைக்குப் பதிலாக வந்தவர்கள் இரண்டு பேரும் நிற்கவில்லை. ஆமெனும் வேறு நல்ல வேலை கிடைத்து ஆமென் சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஒரு திங்கட்கிழமை தலைமையாசிரியருக்கு முகம் மழிக்க ஆள் இல்லாமல் மேட்ரனே போனார். நுரையைக் குழைத்துத் தடவியபோது தலைமையாசிரியர் எதையோ சொல்ல முயன்றார். "அவன்... அவன்..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. எவன் என்று மேட்ரன் கேட்டார், மகனா என்றார், டாக்டரா என்றார். தலைமையாசிரியர் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். சொல் நாக்கு வரைக்கும் வந்து நின்றுகொண்டு வெளியே வர மறுத்தது. திடீரென்று அவருடைய நல்ல கை உயர்ந்தது. பளார் என்று தன் கன்னத்திலேயே அறைந்துகொண்டார். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

மேட்ரன் பதறிப்போய் ஒரு கையால் அவருடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். திமிறி மறுபடி வந்தால் தடுக்க, இன்னொரு கையை அவர் முகத்துக்கு நேராகத் தூக்கினார். அப்படியே நின்றார். யாராவது இந்த நிமிடம் கதவைத் திறந்தால் என்ன பார்ப்பார்கள் என்ற நினைப்பு வந்தது. சிவந்த கன்னம், கண்ணீர், பிடித்த கை, ஓங்கிய கை. எல்லாம் அப்படியே இருந்தது. ஆள் மட்டும்தான் வேறு.

அன்று முழுவதும் அவர் தலைமையாசிரியர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஆம், இல்லை என்று தலையசைத்தால் போதும் என்கிற மாதிரி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். ரொம்ப நாளாக இப்படித்தானா? ஆம். மலைக்குத் தெரியுமா? ஆம். அவன் எப்போதாவது அடித்திருக்கிறானா? தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டு இல்லை இல்லை என்று அழுதார். சொல்லாதே என்று சொன்னது யாரிடம் என்று கேட்பதற்குள் மேட்ரனுக்கே விடை புரிந்துவிட்டது. மலையிடம்தான். வெளியே தெரிந்தால் மகன் தன்னை மனநல மருத்துவமனையில் கொண்டுபோய் விட்டுவிடுவான் என்று அவருக்குப் பயம். நேற்று வரை ஆயிரம் பேரை அதட்டியவர், தன்னைத்தானே அறைந்துகொள்வதை யாரும் அறியக் கூடாது என்று வெட்கம். மறுநாள் வந்த டாக்டரோ, பேச்சு போனவர்களுக்கு ஆற்றாமையில் இப்படி வருவது உண்டு, மருந்தும் பயிற்சியும் போதும், எங்கேயும் அனுப்ப வேண்டியதில்லை என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார். ஒரு நாள் பொறுமையாக உட்கார்ந்து கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம்.

வீட்டுக்கு வந்து மேட்ரன் முழங்காலில் நின்றார். ஜெபம் வரவில்லை. தான் மலையைப் பற்றித் தப்பாக நினைத்தது கிடக்கட்டும், நினைப்பு யாருக்கும் தவறலாம். ஆனால் போதகர் கேட்டபோது சொன்ன அந்த ஒற்றைச் சொல்? கை கன்னத்தில் பட்டதை அவர் பார்க்கவேயில்லை. சத்தத்தைக் கேட்டார், அதன் பிறகு நின்றதைப் பார்த்தார். நடுவிலிருந்த இடைவெளியைத் தானே நிரப்பிக்கொண்டார். அது தெரியாமல் வந்த பிசகா? அதுவும் இல்லை. பார்த்தேன் என்று சொன்ன அந்தக் கணத்தில், அடிமனசில் ஏதோ ஒன்று மெல்லப் பின்வாங்கியதை அவர் அறிந்துதான் இருந்தார். வழக்கு தளர்ந்துவிடக் கூடாதே என்று அதன் வாயைப் பொத்தினார். பொய்ச்சாட்சி கூடாது என்ற கட்டளையை விசாரணை நடந்த அதே மாதம்தான் பெண்களுக்குப் பாடமாக எடுத்திருந்தார், நீதிமன்றத்தில் கூண்டிலேறிச் சொல்லும் பொய்யைப் பற்றி உருக்கமாகப் பேசி.

கணவரிடம் சொன்னபோது அவர் குத்திக் காட்டவில்லை. தேற்றவும் இல்லை. "இதை ஆண்டவர்கிட்ட சொல்றது சுலபம். அவனைப் போய்ப் பாரு," என்றார். மேட்ரனுக்கும் அது தெரிந்திருந்தது. காணிக்கையைப் பீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போய் ஒப்புரவாகு என்று எத்தனை முறை பிறருக்குச் சொல்லியிருப்பார்.

மலை நகரத்தின் மறுகோடியில் ஒரு ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்ப்பதாகத் தெரிந்தது. மேட்ரன் இரண்டு பேருந்து மாறிப் போனார். உள்ளே தரையெல்லாம் ஈரம். ஆள் உயர ஐஸ் பாளங்களைக் கொக்கியால் இழுத்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மலை அவரைப் பார்த்ததும் கையிலிருந்த பாளத்தை ஏற்றி முடித்துவிட்டுத்தான் வந்தான். உட்காரச் சொல்லி ஒரு மரப்பெட்டியைத் துடைத்துப் போட்டான். அவனுடைய கைகளில் தோல் வெடித்து, வெடிப்புகளில் கருப்பேறியிருந்தது.

மேட்ரன் சுற்றி வளைக்காமல் சொன்னார். தலைமையாசிரியர் தன்னைத்தானே அறைந்துகொண்டதை நேரில் பார்த்ததையும், அன்றைக்குத் தான் எதையும் பார்க்காமலே பார்த்தேன் என்று சொன்னதையும் சொன்னார். சொல்லிவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"பெரியவர் எப்படி இருக்காரு?" என்று மலை முதலில் கேட்டான். பிறகு, "அவர் சொல்லாதேன்னாரு மேடம். அதான் நான் சொல்லல," என்றான்.

அப்போதாவது நீ மறுத்திருக்கலாமே, உன் பிழைப்பு போகிறதே என்று மேட்ரன் மெதுவாகக் கேட்டார்.

"மறுத்தேனே. அடிக்கலன்னு சொன்னேனே. அதுக்கப்புறம் நீங்க பார்த்தேன்னு சொல்லிட்டீங்க. எனக்கே ஒரு நிமிஷம் குழம்பிடுச்சு மேடம். நீங்க பொய் சொல்ற ஆள் இல்லையே. நம்ம கை நமக்கே தெரியாம பட்டிருக்குமோன்னு வீட்டுக்குப் போய் கையைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்."

மேட்ரனுக்கு ஐஸ் பாளத்தைத் தூக்கி நெஞ்சில் வைத்த மாதிரி இருந்தது. அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

பேச்சோடு பேச்சாக மற்றதும் வெளிவந்தது. மலையின் மனைவி அவன் சிறையில் இருந்தபோதுகூடக் காத்திருந்தவள். மதுக்கடைச் சண்டையைப் பொறுத்துக்கொண்டவளால், படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவரை அடித்தான் என்பதைப் பொறுக்க முடியவில்லை. நான் இல்லை என்று அவன் சொன்னதற்கு, மேட்ரன் பார்த்தேன்னு சொல்றாங்களே, அவங்க சொன்னா சும்மாவா இருக்கும் என்று கேட்டிருக்கிறாள். பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை.

மேட்ரன் அங்கேயும் போனார். மலையின் மனைவி ஒரு தையல் கடையில் பித்தான் வைக்கும் வேலை பார்த்தாள். எல்லாவற்றையும் ஊசியைக் கீழே வைக்காமலே கேட்டாள். முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போயிற்று. "அவர் என்கிட்ட சத்தியம் பண்ணினாரு மேடம். புருஷன் பேச்சைவிட உங்க பேச்சைத்தான் நான் நம்பினேன்," என்றாள். அடுத்த பித்தானை எடுத்துக்கொண்டாள். தெருமுனைக்கு வந்த மேட்ரனுக்கு எந்தப் பேருந்தில் ஏற வேண்டும் என்பதே மறந்துவிட்டது.

போதகரிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். இரண்டாவது சாட்சி கேட்டுவிட்டு, கன்னம்தான் சாட்சி என்றதும் தானும் விட்டுவிட்டதாகச் சொன்னார். குழுவில் ஒருவர், இல்லத்தின் பெயர் கெட வேண்டாம், சத்தமில்லாமல் அவனைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றார். மேட்ரன் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் பெயர் சத்தமில்லாமலா கெட்டது என்று கேட்டார். ஆனால் சபையில் பேசும் முன்பு தலைமையாசிரியரிடம் போய், உங்கள் விஷயமும் வெளியே வரும், சம்மதமா என்று கேட்டார். அவர் இடக்கையால் மேட்ரனின் கையைப் பிடித்து அழுத்தினார். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டுவிடாமல், மேட்ரன் இரண்டாவது தடவையும் கேட்டார். தலைமையாசிரியர் தலையசைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்குப் பதிலாக மேட்ரன் முன்னால் போய் நின்றார். கையில் காகிதம் இல்லை. முன்வரிசை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"நான் பார்க்கலை," என்றார். "சத்தம் கேட்டேன். சிவந்த கன்னத்தைப் பார்த்தேன். மீதியை நானே சேர்த்துக்கிட்டேன். அந்த ஆளைப் பத்தி ஏற்கெனவே முடிவு பண்ணி வச்சிருந்ததால சேர்க்கிறது சுலபமா இருந்துச்சு. பார்த்தேன்னு சொன்னது பொய். அவர் யாரையும் அடிக்கல."

பின்வரிசையில் மலையின் மனைவி குழந்தையோடு நிற்பதை மேட்ரன் பார்த்தார். மலை வரவில்லை. வேதபாடம் எடுப்பதையும் குழுவில் இருப்பதையும் விட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டு மேட்ரன் இறங்கினார். சிலர் வந்து கையைப் பிடித்து, பெரிய மனசு உங்களுக்கு என்றார்கள். அது அவருக்கு அறைந்ததைவிட வலித்தது. தான் செய்த அநியாயத்தைச் சொன்னதற்கே ஒரு நல்ல பெயர் வந்து ஒட்டிக்கொள்கிறதே என்று கூசிப்போனார்.

மலையின் மனைவி இரண்டு மாதம் கழித்து அவனிடம் திரும்பினாள். பழையபடி இல்லை என்று போதகர் மூலம் தெரிந்தது. நம்பாமல் போனதை அவளாலும் மறக்க முடியவில்லை, அவனாலும் முடியவில்லை. குழந்தை ஆரம்பத்தில் அவனிடம் ஒட்டவே இல்லையாம். இல்லத்தில் வேலையைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி போதகரே நேரில் போய்க் கேட்டார். மலை மாட்டேன் என்றுவிட்டான். ஆனால் விடுமுறை நாளான வியாழக்கிழமைகளில் வந்து தலைமையாசிரியருக்கு முகம் மழித்துவிட்டுப் போகத் தொடங்கினான். விரல்கள் வெடித்திருந்ததால் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு ரேசரைப் பிடித்தான். சொல் வராமல் தலைமையாசிரியர் தவிக்கும்போது, அவர் கை உயரும் முன்பே அதைத் தன் கைக்குள் வாங்கி வைத்துக்கொள்வான்.

முதல் வியாழக்கிழமை அவன் கிளம்பும்போது மேட்ரன் வாசல் வரை கூடவே போனார். என்னை மன்னிக்க முடியுமா என்று கேட்டார். மலை செருப்பை மாட்டிக்கொண்டே யோசித்தான்.

"மன்னிச்சுட்டேன்னு இப்ப சொன்னா அது பொய்யாயிடும் மேடம். இன்னும் வரல. வந்ததும் நானே சொல்றேன்."

மேட்ரன் சரி என்றார். அதன் பிறகு அவர் கேட்கவில்லை. வியாழக்கிழமைதோறும் மலை வருகிறான், வேலையை முடிக்கிறான், போகும்போது அவரைப் பார்த்துத் தலையசைக்கிறான். ஒவ்வொரு முறையும் மேட்ரன் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு எழுந்து நிற்கிறார். அவன் வெளிக்கதவைச் சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் உட்காருகிறார். இரண்டு வருடம் ஆயிற்று.